துரைத் தோப்புக் கிணறும் என் இங்கிலீஷும்

ஒரு அமெரிக்கருக்கும் ஒரு ரஷ்யருக்கும் நான் மொழிபெயர்த்திருக்கிறேன் என்பதைப் பல வருடங்கள் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். திருப்பதியில் நான் வேலை பார்த்த பள்ளியின் ஆசிரியர் அறையில் சொல்வேன். திருச்சானூரில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். கேட்பவர்கள் வியந்து போவார்கள். அமெரிக்கரின் தொப்பி, ரஷ்யர் வேர்க்கடலையை ஓட்டோடு வாயில் போட்டுக்கொண்டு விழித்தது, எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவேன். யாருடைய பேச்சை மொழிபெயர்த்தேன், அவள் என்ன சொன்னாள், நான் அதை என்னவாக மாற்றினேன் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

ஆந்திரம் தனி மாநிலமான அடுத்த வருடம் விஜயபுரம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஊரில் பேசுவது தமிழ், அரசாங்கக் கச்சேரிக் காகிதங்கள் தெலுங்கு. இந்த ஊர் சென்னை மாநிலத்தோடு சேருமா, ஆந்திரத்திலேயே இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. பள்ளிச் சுவரில் ஒரு வாரம் தமிழில் கோஷம் எழுதியிருக்கும், அடுத்த வாரம் அதன் மேல் சுண்ணாம்பு அடித்துத் தெலுங்கில் எழுதியிருக்கும். எது கேட்டாலும் அதிகாரிகள் சொல்லும் பதில் ஒன்றுதான்: எல்லை முடிவாகட்டும்.

நான் நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். நைனா மட்டும் நிலத்தில் இறங்கவில்லை. சித்தூரில் ஒரு வெள்ளைக்காரச் சப் கலெக்டரிடம் முகாம் குமாஸ்தாவாக இருந்தார். அந்தத் துரை ஊர் திரும்பும்போது கொடுத்த நற்சான்றுக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். என்னைச் சித்தூரில் வெள்ளைக்காரப் பெண்கள் நடத்திய பள்ளியில் படிக்க வைத்தார். அங்கே இங்கிலீஷை நன்றாகக் கற்றுக்கொண்டேன். வெள்ளைத் தோலைப் பார்த்தால் குரலைத் தாழ்த்தி, முகத்தை மலர்த்தி, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் கற்றுக்கொண்டேன். அதை யாரும் பாடமாக நடத்தவில்லை.

கிராமத்துக்கு வெளியே, சேரிக்குப் போகிற வழியில், ஒரு மாந்தோப்பு இருந்தது. துரைத் தோப்பு என்று பெயர். வெள்ளைக்கார அதிகாரிகள் சுற்றுப்பயணம் வரும்போது கூடாரம் அடிப்பதற்காக ஒதுக்கிய இடம். உள்ளே கருங்கல் கட்டிய பெரிய கிணறு, எந்தக் கோடையிலும் வற்றாதது. சுற்றிலும் மதில், இரும்பு கேட், கேட்டில் பூட்டு. துரைகள் போய் ஏழெட்டு வருடம் ஆகியும் பூட்டு அப்படியே தொங்கியது. சாவி கிராமக் கணக்குப் பார்க்கும் கரணத்திடம் இருந்தது. சேரிப் பெண்கள் அந்த மதிலை ஒட்டியே நடந்து ஆற்றுக்குப் போய், மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் மொண்டு வருவார்கள். ஊர்க் கிணற்றில் அவர்களை விடமாட்டார்கள்.

பள்ளிக்கு அமெரிக்கப் பால் பவுடர் வந்துகொண்டிருந்தது. வெந்நீரில் கரைத்து மதியம் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி டம்ளர். சேரிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து தகர டப்பா கொண்டுவருவார்கள். அதில் கை படாமல் உயரத் தூக்கி ஊற்றுவேன். அப்படிச் செய்யச் சொல்லி எனக்கு எந்த உத்தரவும் இல்லை.

என்னுடைய இரண்டாவது வருடத்தில், பால் பவுடர் எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்க்க ஒரு அமெரிக்கர் வருவதாகத் தகவல் வந்தது. எங்கள் வட்டார வளர்ச்சி அதிகாரி கோதாவரிப் பக்கத்துக்காரர். அவருக்குத் தெலுங்கும் இங்கிலீஷும் தெரியும், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கரணத்துக்குத் தமிழும் தெலுங்கும் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. அந்த ஊரில் தமிழையும் இங்கிலீஷையும் சேர்த்து அறிந்தது நான் ஒருத்திதான். அதிகாரி என்னைக் கூப்பிட்டு, “ஏழைத் தாய் ஒருத்தியைத் தயார் செய்யுங்கள். இரண்டு வார்த்தை பேசட்டும்” என்றார்.

என் மூன்றாம் வகுப்பில் சேரிப் பெண் ஒருத்தி படித்தாள். கெட்டிக்காரி. அவளுடைய அம்மாவைத் தேர்ந்தெடுத்தேன். கூலி வேலை செய்கிறவள், கணவன் இல்லை. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். ஆனாலும் நான் அவளை நீ என்றுதான் சொல்வேன், அவள் என்னை டீச்சரம்மா என்பாள்.

“ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லு” என்று சொல்லி வைத்தேன்.

“சொல்றேன் டீச்சரம்மா. நெறைய சொல்றதுக்கு கீது” என்றாள்.

ஜீப் வந்தது. பந்தல், இளநீர், மாலை எல்லாம் கரணத்தின் ஏற்பாடு. அமெரிக்கர் பிள்ளைகள் பால் குடிப்பதைப் பார்த்தார், தட்டிக்கொடுத்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அந்தத் தாய் என்ன நினைக்கிறாள் என்று கேட்டார். அவள் பந்தலுக்கு வெளியே, வெயிலில் நின்றபடி பேசினாள்.

“தொரை, பால் மாவு குடுத்தீங்க, புள்ளைங்க குடிக்குதுங்க, நல்லதுதான். அதக் கரைக்கத் தண்ணி வேணுமே. தோ அந்தத் தோப்புல ஒரு கெணறு கீது. ஒங்க தொரைங்களோடது. ஆனா வெட்டுனது எங்க தாத்தனுங்க. ஒங்காளுங்க குதிரைங்களுக்குத் தண்ணி காட்டிக்கினு இருந்தாங்க. போவும்போது பூட்டிட்டுப் போய்ட்டாங்க. கரணத்தக் கேட்டா மேல கேளுன்றாரு. மேல யாருன்னு எங்களுக்கு இன்னா தெரியும்? நீங்க பூட்டுனது, நீங்களே ஒரு வார்த்த சொல்லித் தொறந்து வுடுங்க. கோடையில ஊத்துகிட்ட அரை நாளு குந்திக்கினு மொள்றோம்.”

கரணத்தின் முகம் இறுகியது. அவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. இவர் அமெரிக்கர், பூட்டியது இங்கிலீஷ்காரன், இது கூட இவளுக்குத் தெரியவில்லையே என்று. அடுத்து வந்தது வெட்கம். வந்திருப்பவர் முன்னால் பூட்டையும் சேரியையும் ஊற்றையும் அவிழ்த்துக் கொட்டுகிறாளே என்று. அப்போது எனக்கு வெட்கப்படத் தெரிந்தது அவ்வளவுதான். அமெரிக்கர் பக்கம் திரும்பி, மலர்ந்த முகத்தோடு சொன்னேன்: “உங்கள் தேசத்து மக்களுக்கு அவள் நன்றி சொல்கிறாள். பிள்ளைகள் தேறியிருக்கிறார்கள் என்கிறாள்.”

அமெரிக்கர் சிரித்தார். எழுந்து அவளுக்குக் கை கூப்பினார். கூட வந்தவர் போட்டோ எடுத்தார். அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்தபடி நின்றாள். ஜீப்பில் ஏறும் முன் அமெரிக்கர் என்னைத் தனியாகக் கேட்டார்: இந்தப் பக்கம் ரஷ்யப் புத்தகங்கள் வருகின்றனவா, யாராவது கொண்டு வந்து கொடுக்கிறார்களா? நான் இல்லை என்றேன். அது உண்மைதான்.

அன்று சாயங்காலம் கரணம் வீட்டுக்கு வந்தார். “அவ சொன்னத அப்படியே சொல்லிட்டியாம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன். மறுநாள் ஒரு கூடை வேர்க்கடலை வந்தது. வாங்கிக்கொண்டேன்.

அவள் இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தாள். “தொரை இன்னா சொன்னாரு டீச்சரம்மா?”

“பார்க்கறேன்னு சொன்னார்” என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

பிறகு அவள் காகிதத்திலும் கேட்டுப் பார்த்தாள். புத்தூரில் யாரையோ பிடித்து மனு எழுதி அனுப்பினாள். சித்தூர் கச்சேரியிலிருந்து, தோப்பு முந்தைய அரசாங்கத்துச் சொத்து, பத்திரங்கள் சென்னையில் இருக்கின்றன என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினாள். அப்போது தலைநகராக இருந்த கர்நூலுக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். தலைநகர் ஹைதராபாத்துக்குப் போனபோது காகிதமும் போனதாம். மூன்றாவது மனுவுக்கு வந்த பதில், எல்லை முடிவாகட்டும். பதில்கள் தெலுங்கில் வந்தன. அவற்றைப் படித்துச் சொல்ல அவள் என்னிடம்தான் வருவாள். படித்துச் சொல்வேன். அவற்றில் ஒரு எழுத்தையும் நான் மாற்றவில்லை. மாற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை.

அமெரிக்கர் வந்துபோய் ஒன்றரை வருடம் கழித்து ரஷ்யர்கள் வந்தார்கள். விவசாயம் பார்க்க வந்த கூட்டம். சித்தூரிலிருந்து பெரிய அதிகாரிகளும் கூட வந்தார்கள். அமெரிக்கருக்குப் போட்ட அதே பந்தல், அதே நாற்காலிகள். பால் பவுடர் டின்களை மட்டும் அதிகாரி சாக்குப் போட்டு மூடச் சொன்னார்.

“அதே பெண்ணைக் கூப்பிடுங்கள். கூச்சமில்லாமல் பேசுகிறாள்” என்றார்.

நான் ஆள் அனுப்பும் முன்பே அவள் வந்து நின்றிருந்தாள்.

ரஷ்யக் கூட்டத்தின் தலைவர் பருத்த மனிதர், வியர்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பக்கத்தில் என் வயதே இருக்கக்கூடிய ஒரு ஒல்லி இளைஞன். அவன்தான் இங்கிலீஷை ரஷ்ய மொழியில் சொல்கிறவன். அவள் தமிழில் சொல்ல வேண்டும், நான் இங்கிலீஷில், அவன் ரஷ்ய மொழியில்.

அவள் இந்த முறை இன்னும் தெளிவாகப் பேசினாள். முன்பு வந்த துரை ஒன்றும் செய்யவில்லை என்றாள். மூன்று மனு போட்டதைச் சொன்னாள். ஊற்றுக்குப் போன இடத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி மயங்கி விழுந்ததைச் சொன்னாள். “அவுருக்கும் ஒங்களுக்கும் ஆவாதுன்றாங்க. அவுரு செய்யாதத நீங்களாவது செய்ங்க” என்றாள். ஐந்து நிமிடமாவது பேசியிருப்பாள்.

நான் சொன்னது ஒரே வாக்கியம்: “உலகத்தில் சமாதானம் வேண்டும் என்று இந்த ஊர்த் தாய்மார்கள் விரும்புகிறார்கள்.”

அந்த இளைஞன் என்னைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அத்தனை பேச்சு இத்தனை சின்ன வாக்கியமாக எப்படி ஆகும் என்று அந்தத் தொழில் தெரிந்தவனுக்குப் புரியாதா? அவன் கண்ணில் குற்றச்சாட்டு இல்லை. இந்த வேலையை அவனும் செய்திருக்கிறான் என்பதுபோல் ஒரு பார்வை. பிறகு தலைவர் பக்கம் திரும்பிச் சொன்னான். தலைவர் கை தட்டினார், எல்லோரும் தட்டினார்கள். போகும்போது அவர் அந்த இளைஞன் மூலம் என்னைக் கேட்டார்: அமெரிக்கர்கள் இங்கே வந்தார்களா, என்ன கொடுத்தார்கள்?

அடுத்த கோடை மிகக் கொடியது. ஆற்று ஊற்றில் சேறுதான் வந்தது. ஒரு நாள் காலை சேரிப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கடப்பாரையோடு போய்த் துரைத் தோப்புப் பூட்டை உடைத்து, தண்ணீர் மொண்டு வந்தார்கள். முதலில் கடப்பாரையைப் போட்டது அவள். மதியத்துக்குள் கரணத்தின் புகார் போலீசுக்குப் போனது. அவளையும் இன்னும் இரண்டு பெண்களையும் அழைத்துப் போனார்கள்.

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து எனக்கு ஆள் வந்தது. அவள் தமிழில் சொல்வதை எடுத்துச் சொல்ல வேண்டும். நான் போனபோது வட்டார அதிகாரியும் அங்கே உட்கார்ந்திருந்தார். சப் இன்ஸ்பெக்டர் விஜயவாடாப் பக்கத்து இளைஞர், மரியாதையாகவே பேசினார். அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

“நாங்க சும்மா ஒடைக்கல. கேட்டோம். ரெண்டு தொரைங்ககிட்டயும் கேட்டோம், எல்லாரும் இருக்கும்போதுதான் கேட்டோம். டீச்சரம்மாவக் கேளுங்க” என்றாள்.

அதை நான் சொன்னேன். அந்த அளவுக்குச் சொன்னேன். சப் இன்ஸ்பெக்டர் இங்கிலீஷில் என்னைக் கேட்டார்: “இது உண்மையா? அரசாங்க அதிகாரிகள் முன்னால் இவள் கிணற்றைப் பற்றிக் கேட்டாளா? கேட்டும் யாரும் கவனிக்கவில்லை என்றால் நான் இதை வேறு மாதிரி எழுதலாம்.”

அவள் தப்பிக்க ஒரு வழியைத் திறந்துவிட்டுத்தான் அவர் கேட்டார். வட்டார அதிகாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்றால், அன்று நன்றி என்று சொன்னதும் சமாதானம் என்று சொன்னதும் யாருடைய வார்த்தை என்று அவர் கேட்பார். நான் இன்னும் நிரந்தரம் ஆகாத ஆசிரியை.

“இல்லை. கிணற்றைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை” என்றேன்.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சப் இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிவிட்டு எழுதத் தொடங்கினார். மூன்று பேருக்கும் பதினைந்து நாள் சிறை. கேட்டுக்குப் புதுப் பூட்டு வந்தது.

அந்தப் பதினைந்து நாளும் அவளுடைய மகள் பள்ளிக்கு வரவில்லை. அம்மா திரும்பி வந்த பிறகும் வரவில்லை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேரிக்குப் போனேன். அந்த ஊரில் நான்கு வருடம் இருந்தும் அன்றுதான் முதல் தடவை அங்கே கால் வைத்தேன். அவள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கோடரியைக் கீழே வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் உட்கார்ந்திருப்பேனா என்று அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்கும்.

“பொண்ண பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு. நல்லாப் படிக்கிற பொண்ணு” என்றேன்.

“கூலிக்குப் போய்க்கினு கீது. வராது.”

சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். தடுமாறிச் சொன்னேன். “அன்னிக்கு அந்த அமெரிக்கர்கிட்ட நீ சொன்னத நான் சொல்லல. ரஷ்யக்காரர்கிட்டயும் சொல்லல. ஸ்டேஷன்லயும்...”

“தெரியும்” என்றாள்.

“எப்படி?”

“பூட்டி வச்ச கெணத்தப் பத்திச் சொல்றேன், அந்தாளு சிரிக்கிறாரு. அந்தப் பேச்சக் கேட்டு யாரு சிரிப்பாங்க? அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சும் ரெண்டாவது தடவ ஏன் என்கிட்டயே சொன்னீங்க?”

நீங்க என்று அன்றுதான் வந்தது. அதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

“வேற யாருகிட்ட சொல்றது? அந்த பாஷை தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான். ஸ்டேஷன்லயும் அதான். ஒரு தடவையாவது சொல்லிட மாட்டாங்களான்னு பாத்தேன்.” கோடரியை எடுத்தாள். “வெயிலு ஏறுது. போங்கம்மா.”

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் எனக்கு வசதியான நினைப்பாகத்தான் படுகிறது. அவள் திட்டவில்லை. விறகைப் பிளந்தாள். நான் திரும்பி நடந்தேன்.

அன்று மதியமே கலெக்டருக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். கிணறு, மூன்று மனு, இரண்டு விருந்தினர், அவள் கேட்டது, நான் சொன்னது, ஸ்டேஷனில் சொன்னது, எல்லாவற்றையும் எழுதினேன். அழகாக எழுதினேன், அதுதான் எனக்கு வருமே. கடைசியில் பெயர் போட வேண்டிய இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு என்னைப் பற்றிய பகுதிகளை விட்டுவிட்டு, கிணற்றைப் பற்றி மட்டும் புதிதாக எழுதி, 'ஊர் நலம் விரும்பி' என்று போட்டு அனுப்பினேன். மொட்டைக் கடிதத்துக்கு யார் பதில் எழுதுவார்கள்? பதில் வரவில்லை.

மறு வருடம் நானே கேட்டுத் திருப்பதிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். எல்லை ஒருவழியாக முடிவாகி, திருத்தணி சென்னைக்குப் போயிற்று, அந்தக் கிராமம் ஆந்திரத்திலேயே நின்றது. அதற்கும் இரண்டு வருடம் கழித்துத் துரைத் தோப்பைப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்ததாகவும், கேட்டைக் கழற்றிவிட்டதாகவும் அங்கிருந்து வந்த ஒரு ஆசிரியர் சொன்னார். அவளைப் பற்றிக் கேட்டேன். மகளை நாயுடுபேட்டைப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டு அவளும் அங்கேயே வேலைக்குப் போய்விட்டாள் என்றார். அந்தத் தண்ணீரை அவள் எத்தனை நாள் மொண்டாள், மொண்டாளா என்பதே கூட எனக்குத் தெரியாது.

அவளுடைய மகளுக்கு இப்போது எழுபது வயதை ஒட்டி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள். வகுப்பில் கணக்குப் போட்டு முடித்ததும் சிலேட்டை மார்போடு அணைத்து வைத்துக்கொள்வாள், பக்கத்துப் பிள்ளை பார்த்து எழுதிவிடக் கூடாது என்று. நாயுடுபேட்டை வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் அந்த வயதுப் பெண்களின் முகத்தைப் பார்க்கிறேன். பார்த்தாலும் அடையாளம் தெரியாது. தெரிந்தாலும் இறங்கிப் போய்ப் பேசுவேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.